விபத்தில் போன விண்கலத்தின் இடத்துக்கு வரும் புதுக்கலத்துக்குப் பெயர் வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

“சேலஞ்சர், கோ அட் த்ராட்டில் அப்.”

1986 ஜனவரி 28 அன்று ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ரிச்சர்ட் கோவி என்ற விண்வெளி வீரர் வானொலியில் சொன்னது இது. என்ஜின்களை முழு விசைக்குக் கொண்டுபோகலாம் என்று பொருள். “ராஜர், கோ அட் த்ராட்டில் அப்” என்றார் கலத்தின் தலைவர் டிக் ஸ்கோபி. அடுத்த சில நொடிகளில், கிளம்பிய 73-ஆவது நொடியில், கலம் சிதறியது. உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள்.

இந்த வாக்கியத்தின் முதல் சொல்லைக் கவனியுங்கள். கீழே இருப்பவர் மேலே இருப்பவரை ‘ஸ்கோபி’ என்று கூப்பிடவில்லை, ‘சேலஞ்சர்’ என்று கூப்பிடுகிறார். விண்கலத்தின் பெயர் முதலில் ஒரு கூப்பிடும் பெயர். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களை, ஒருவேளை அவர்களுடைய கடைசி நிமிடத்திலும், அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பெயர் வைக்கும் வேலையில் இறங்குபவர் இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் படிகள் பெரும்பாலும் தாமாகவே பிடிபடும்.

சேலஞ்சருக்குப் பதிலாக வந்த ‘எண்டெவர்’ விண்ணோடத்தின் கதையைத்தான் முக்கிய உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். இந்த வேலையை இவ்வளவு பொறுமையாக, இவ்வளவு பேரைச் சேர்த்துக்கொண்டு செய்த இன்னொரு உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. பள்ளியில் மாணவர்களுக்கு இதை ஒரு பயிற்சியாகக் கொடுக்க நினைக்கும் ஆசிரியருக்கும் இந்தப் படிகள் பொருந்தும்.

முதல் படி: எண்ணோடு நிறுத்துங்கள்

விபத்து நடந்த உடனே பெயரைப் பற்றிப் பேசாதீர்கள். சேலஞ்சரின் பயணிகள் அறை அட்லாண்டிக் கடலடியில் கண்டெடுக்கப்பட்டதே மார்ச் 1986-இல்தான். வலப்பக்க பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் குளிரில் இறுகிப்போய் சூடான வாயுவைக் கசிய விட்டதுதான் காரணம் என்று, விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் ஆணையத்தின் அறிக்கை சொன்னது ஜூனில். அதற்கு முன்னால் புதுப்பெயரை யார் எடுத்தாலும், துக்க வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தது போலத்தான் இருக்கும்.

அதே மார்ச்சில் புளோரிடாவைச் சேர்ந்த டாம் லூயிஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அதில் எந்தப் பெயரும் இல்லை. மாற்றுக் கலம் ஒன்று வருமானால் அதன் பெயரைப் பள்ளி மாணவர்கள் சொல்லும் பெயர்களிலிருந்து எடுக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அவர் செய்த வரிசை எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. யார் வைப்பது என்பதைச் சீக்கிரம் பேசலாம். என்ன வைப்பது என்பதற்கு அவசரமே இல்லை.

மாற்றுக் கலம் கட்டுவது என்ற முடிவு ஆகஸ்ட் 1986-இல் வந்தது. ராக்வெல் நிறுவனத்துக்கு 1987-இல் ஒப்பந்தம் கொடுத்தார்கள். டிஸ்கவரி, அட்லாண்டிஸ் என்ற மற்ற விண்ணோடங்களைக் கட்டும்போதே இறக்கை, வால், உடற்பகுதி என்று உதிரிகளை எடுத்துவைத்திருந்ததால் வேலை ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தொடங்கவில்லை. இந்த ஆண்டுகளில் எல்லாம் அதை ஓ.வி.-105 என்றே அழைத்தார்கள். எண்ணுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: அது யாரையும் புண்படுத்தாது, யாருக்கும் வாக்குக் கொடுக்காது. பெயர் அறிவிக்கப்பட்டது மே 1989-இல். விபத்திலிருந்து கணக்கிட்டால் மூன்று வருடத்துக்கும் மேல்.

கடைசிவரை எண்ணோடேயே நின்றவர்களும் உண்டு. சோவியத் ஒன்றியம் 1967-இல் சோயுஸ் 1-இல் கொமரோவ் என்ற விண்வெளி வீரரை இழந்தது. 1971-இல் சோயுஸ் 11-இல் மூன்று பேரை இழந்தது. அடுத்து மனிதர் ஏறிய கலம் 1973-இல் சோயுஸ் 12 என்றே கிளம்பியது. இறந்தவர்களின் பெயர்களை விண்கலத் தொடர்புக்கான கடல்கப்பல்களுக்கு வைத்தார்கள். அதுவும் கண்ணியமான வழிதான்.

இரண்டாவது படி: யாரைக் கேட்பது என்று எழுதிவையுங்கள்

முதலில் கேட்க வேண்டியது குடும்பங்களை. 1967 ஜனவரியில் அப்பல்லோ கலத்துக்குள் தரையில் நடந்த சோதனையின்போது தீப்பிடித்து கிரிஸம், வைட், சாஃபி மூவரும் இறந்தார்கள். அந்தக் கலத்தின் அலுவல் பெயர் வெறும் அப்பல்லோ 204. அப்பல்லோ 1 என்ற பெயரை, தங்கள் கணவர்கள் போக முடியாமல் போன அந்தப் பயணத்துக்கே விட்டுவையுங்கள் என்று மூன்று மனைவிகளும் கேட்டார்கள். நாசா ஒப்புக்கொண்டது. அடுத்துப் பறந்தது அப்பல்லோ 4. அந்தப் பெயரைத் தாங்கி இரண்டு, மூன்று என்று எதுவுமே பறக்கவில்லை. ஒரு எண்ணுக்குள்கூட இவ்வளவு கனம் இருக்கிறது என்பதை வீட்டுக்காரர்கள் சொன்னால்தான் அலுவலகத்துக்குத் தெரியும்.

அடுத்து, அந்த விபத்து யாருடைய நெஞ்சில் அதிகமாக இறங்கியது என்று பாருங்கள். சேலஞ்சரில் இருந்த கிறிஸ்டா மெக்ஆலிஃப் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பள்ளி ஆசிரியை. விண்வெளிக்குப் போக விண்ணப்பித்த 11,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர்களிலிருந்து தேர்வானவர். விண்ணிலிருந்து பாடம் நடத்தப்போகிறார் என்பதால் அமெரிக்கா முழுக்கப் பள்ளிகளில் தொலைக்காட்சியைப் போட்டுப் பிள்ளைகளைப் பார்க்க வைத்திருந்தார்கள். வகுப்பறையில் உட்கார்ந்து அதை நேரில் பார்த்தது அந்தப் பிள்ளைகள்தான். அடுத்த கலத்துக்குப் பெயர் சொல்லும் உரிமை அவர்களிடம் போனது வெறும் விளம்பர யோசனை என்று நான் நினைக்கவில்லை. பயந்துபோன பிள்ளையின் கையைப் பிடித்து, வா, இதை நாம் சேர்ந்து செய்வோம் என்று சொல்வது போன்றது அது.

அப்புறம், கலத்தில் ஏறப்போகிறவர்கள். கடைசி முடிவு யாருடையது என்பதையும் முன்கூட்டியே எழுதிவைத்துவிடுங்கள். எல்லாரையும் கேட்டுவிட்டு நடுவழியில் ‘நாங்களே முடிவு செய்துகொள்கிறோம்’ என்றால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

மூன்றாவது படி: பழைய பெயரைத் திரும்ப வைப்பதா?

பெரும்பாலோருக்கு முதலில் தோன்றுவது, ‘அதே பெயரை வைத்தால் என்ன?’ என்பதுதான். நமக்கு இது இன்னும் இயல்பாகத் தோன்றும். தாத்தா பெயரைத் தாங்குபவன் பெயரன். அந்தச் சொல்தான் பேரன் ஆனது. போனவர் பெயர் வீட்டில் புழங்க வேண்டும் என்ற ஆசை நம் மொழியிலேயே இருக்கிறது.

ஆனால் அதே வீடுகளில் இன்னொன்றும் நடந்தது. மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது என்று இருந்த மருமகள், அந்தப் பெயர் வைத்த தன் மகனை அதைச் சொல்லிக் கூப்பிட முடியாமல் ராசா என்றோ தம்பி என்றோ கூப்பிட்டாள். வைத்த பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் இன்னொன்று. விண்கலத்துக்கு அந்த வசதி கிடையாது. வைத்த பெயரைத்தான் வானொலியில் கூப்பிட வேண்டும்.

இப்போது நினைத்துப் பாருங்கள். புதுக்கலம் ஏறுகிறது, ஒரு நிமிடம் தாண்டுகிறது, கீழிருந்து “சேலஞ்சர், கோ அட் த்ராட்டில் அப்” என்று குரல் வருகிறது. கலத்தில் இருப்பவர்களுக்கு, அறையில் இருப்பவர்களுக்கு, வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கும் ஸ்கோபியின் மனைவிக்கு அந்த நொடி எப்படி இருக்கும்? தாத்தா வாழ்ந்து முடித்துப் போனவர். அந்தக் கலமோ பாதி வழியில் போனது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே என் முடிவு இது: உயிர் போன கலத்தின் பெயரை மறுபடி வைக்காதீர்கள். அதற்கு ஓய்வு கொடுங்கள். பின்னால் ‘இரண்டு’ என்று சேர்ப்பதும் வேண்டாம்.

உயிர் போகாத விபத்து என்றால் விஷயம் வேறு. 2014 அக்டோபரில் ஆளில்லாத ஒரு சிக்னஸ் சரக்குக் கலம் கிளம்பிய சில நொடிகளில் வெடித்தது. அதற்கு டீக் ஸ்லேட்டன் என்ற பழைய விண்வெளி வீரரின் பெயரை வைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு அனுப்பிய கலத்துக்கு ‘டீக் ஸ்லேட்டன் இரண்டு’ என்றே பெயர். பெரியவருக்குச் செய்ய வேண்டிய மரியாதை பாதியில் நின்றுவிட்டது, அதை முடித்து வைத்தார்கள். அதில் தவறே இல்லை.

1961-இல் கிரிஸம் போய்வந்த மெர்க்குரி கலம் கடலில் இறங்கியபின் மூழ்கியது, அவர் பிழைத்தார். 1965-இல் தன்னுடைய ஜெமினி கலத்துக்கு ‘மாலி பிரௌன்’ என்று பெயர் வைத்தார். டைட்டானிக்கில் மூழ்காமல் தப்பிய பெண் அவர். நாசா அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை என்றாலும், பிழைத்து வந்த மனிதர் தன் விபத்தைப் பற்றித் தானே சிரித்துக்கொள்ளலாம். ஒரு குழு, இறந்தவர்களை முன்வைத்து, அந்த உரிமையை எடுத்துக்கொள்ள முடியாது.

நான்காவது படி: விதிகள் கொஞ்சமாக, கறாராக

எண்டெவருக்குப் பெயர் தேட மாணவர்களிடையே நடத்திய போட்டியில் பெயருக்கான விதிகள் நான்கே. பெயர் ஆராய்ச்சிக்கோ புதிய இடம் தேடியோ போன ஒரு கடல்கப்பலின் பெயராக இருக்க வேண்டும். விண்கலத்துக்குப் பொருந்த வேண்டும். அமெரிக்காவின் விண்வெளிப் பணியின் உணர்வைச் சொல்ல வேண்டும். வானொலியில் சொல்லச் சுலபமாக இருக்க வேண்டும்.

இதில் முதல் விதியைப் பாருங்கள், எவ்வளவு யோசித்து வைத்தது! கொலம்பியா, டிஸ்கவரி, அட்லாண்டிஸ் எல்லாமே கடல்கப்பல்களின் பெயர்கள். சேலஞ்சரும் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களை ஆராய்ந்த பிரிட்டிஷ் கப்பலின் பெயர்தான். வரப்போகும் பிள்ளையின் பெயர் அண்ணன் அக்கா பெயர்களோடு ஒட்ட வேண்டும் அல்லவா?

அந்த விதி இன்னொரு கதவையும் சத்தமில்லாமல் சாத்தியது. கப்பல் பெயர் என்று சொல்லிவிட்டால், ஆள் பெயர் வைக்கலாம் என்ற பேச்சு எழாது. இறந்தது ஏழு பேர்: ஸ்கோபி, ஸ்மித், ரெஸ்னிக், ஓனிசூகா, மெக்நேர், ஜார்விஸ், மெக்ஆலிஃப். ஒருவர் பெயரை வைத்தால் ஆறு வீடுகளுக்கு என்ன பதில் சொல்வது?

ஐந்தாவது படி: பெயரோடு காரணத்தையும் கேளுங்கள்

வெறும் பெயரை மட்டும் கேட்டால் வெறும் பெயர்தான் வரும். 1988-இல் நடந்த போட்டியில் மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, அந்தக் கப்பலின் வரலாறு என்ன, ஏன் இந்தக் கலத்துக்குப் பொருந்தும் என்று எழுத வேண்டியிருந்தது. அதை ஒட்டி ஒரு வகுப்புத் திட்டமும் செய்ய வேண்டும். 6,154 குழுக்களில் 71,650 மாணவர்கள் கலந்துகொண்டார்கள். மாநில அளவில் வென்ற பெயர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று எண்டெவர். கடைசியில் மிஸ்ஸிஸிப்பியின் செனடோபியா நடுநிலைப் பள்ளியும் ஜார்ஜியாவின் டலூலா ஃபால்ஸ் பள்ளியும் ஆளுக்கொரு பிரிவில் வென்றன. இரண்டும் தனித்தனியாக எழுதிய பெயர் ஒன்றே.

இணைய வாக்கெடுப்பை மட்டும் நம்பி இறங்காதீர்கள். 2009-இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் ஒரு பகுதிக்குப் பெயர் கேட்டபோது, ஒரு தொலைக்காட்சி நகைச்சுவையாளர் தன் பெயருக்கு வாக்களிக்கச் சொல்லி முதலிடம் பிடித்தார். நாசா அந்தப் பகுதிக்கு ‘டிராங்குவிலிட்டி’ என்று வைத்துவிட்டு, உள்ளே இருந்த ஓட்டப் பயிற்சி இயந்திரத்துக்கு அவர் பெயரைக் கொடுத்துச் சமாளித்தது. ஓர் அறைக்கு அது பரவாயில்லை. ஏழு பேர் போன இடத்தை நிரப்ப வரும் கலத்துக்கு அப்படி நடந்தால் தாங்காது.

ஆறாவது படி: வந்த பெயர்களைச் சோதியுங்கள்

முதலில் காது. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒருவர் சமையலறையில் மிக்ஸியை ஓட விட்டு நிற்கட்டும். இன்னொருவர் பக்கத்து அறையிலிருந்து கைபேசியில் பெயரை ஒரே ஒரு முறை சொல்லட்டும். கேட்டவர் தாளில் எழுத வேண்டும். ஐந்து பெயர் சொன்னால் இரண்டு தேறும். தொடக்கத்தில் தெளிவான ஒலி, மூன்று அசைக்குள் முடிவு, ஏற்கெனவே இருக்கும் கலங்களின் பெயரோடு குழம்பாமல் இருப்பது: தேறியவற்றில் பெரும்பாலும் இவை இருக்கும். ‘எண்டெவர்’ என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், புரியும்.

அடுத்தது எழுத்து. எண்டெவர் என்பது ஜேம்ஸ் குக் என்ற பிரிட்டிஷ் கடலோடியின் கப்பல் பெயர். அதில் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல்படி ஒரு ‘யு’ கூடுதல். அமெரிக்கர்கள் அதை எழுதுவதில்லை. கலத்துக்குக் கப்பலின் எழுத்துக்கூட்டலையே வைத்தார்கள். 2007 ஜூலையில் ஏவுதளத்தில் கட்டிய வாழ்த்துப் பதாகையில் அந்த எழுத்தை விட்டுவிட்டு, பிறகு கழற்றித் திருத்தினார்கள். அந்தப் பயணத்தில் போகக் காத்திருந்தவர்களில் ஒருவர் பார்பரா மார்கன். மெக்ஆலிஃபுக்கு மாற்று ஆளாக 1985-இலேயே தேர்வான ஆசிரியை. இருபத்திரண்டு ஆண்டு காத்திருந்து, சேலஞ்சருக்குப் பதிலாக வந்த கலத்திலேயே 2007 ஆகஸ்டில் போனார்.

மூன்றாவது வரலாறு. இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் 1768-இல் கிளம்பியது. சூரியன் முகத்தில் வெள்ளிக்கோள் கடந்து போவதை 1769-இல் தாகித்தித் தீவிலிருந்து அளக்கப் போன கப்பல் அது. ஜூன் 1770-இல், ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையை ஒட்டிய பவளத் திட்டில் இரவில் மோதி நின்றது. பாரம் குறைக்கப் பீரங்கிகளைக் கடலில் தள்ளினார்கள். கயிற்று நாரும் கம்பளியும் சேர்த்த ஒரு பாயை அடிப்பக்கமாக இழுத்துக் கட்டி ஓட்டையை அடைத்தார்கள். ஓர் ஆற்று முகத்தில் கரையேற்றிப் பார்த்தபோது, உடைத்த பவளத்தின் ஒரு துண்டே ஓட்டையில் சிக்கி நின்று தண்ணீரைத் தடுத்திருந்தது. ஏழு வாரம் போல அங்கேயே தங்கிச் சீர்செய்து, 1771-இல் கப்பல் ஊர் திரும்பியது. அடிபட்டும் வீடு வந்து சேர்ந்த கப்பல். விபத்துக்குப் பிறகு வரும் கலத்துக்கு இதைவிடப் பொருத்தமான மூதாதை கிடைப்பது அரிது.

ஆனால் மறுபக்கத்தையும் படியுங்கள். ஊர் திரும்பும் வழியில் பட்டேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) பிடித்த நோயில் மாலுமிகள் பலர் இறந்தார்கள். குக் ஆஸ்திரேலியக் கரையில் முதலில் இறங்கியபோதே அங்கிருந்த மக்கள்மேல் துப்பாக்கி சுடப்பட்டது. அந்த மக்களின் வழிவந்தவர்களுக்கு இந்தக் கப்பல் பெயர் வேறொரு கதையைச் சொல்லும். இன்று ஒரு குழு இதே பெயரை எடுத்தால் அவர்களிடமும் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பேன்.

ஏழாவது படி: அறிவிப்பு

குடும்பங்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொள்ள விடாதீர்கள். அறிவிப்பு சுருக்கமாக இருக்கட்டும். பெயர் வைத்தவர்கள் மேடையில் இருக்க வேண்டும். எண்டெவர் பெயரை அதிபர் ஜார்ஜ் புஷ் அறிவித்தார் என்றாலும், வென்ற மாணவர்களை வாஷிங்டனுக்கு வரவழைத்துப் பாராட்டினார்கள். வேறு பாணியும் உண்டு. 2014-இல் வர்ஜின் கேலக்டிக் என்ற தனியார் நிறுவனத்தின் ‘என்டர்பிரைஸ்’ கலம் சோதனைப் பறப்பில் உடைந்து துணை விமானி மைக்கேல் ஆல்ஸ்பரி இறந்தார். 2016-இல் வந்த அடுத்த கலத்துக்கு ‘யூனிட்டி’ என்று ஸ்டீபன் ஹாக்கிங் பெயர் கொடுத்தார். ஒருவரே வைப்பதானால், எல்லாரும் மதிக்கும் அப்படி ஒருவர் வேண்டும்.

எட்டாவது படி: போனவர்களுக்குத் தனி இடம்

புதுக்கலத்தின் பெயரில் போனவர்களைச் சுமத்தவில்லை என்றால், அவர்களை வேறெங்காவது வைத்தாக வேண்டும். இதை விட்டுவிட்டால் முன்னே செய்த எல்லாம் மறதி போலத் தெரியும். போரில் விழுந்தவனுக்கு நடுகல் நட்டு, பேரும் செய்த செயலும் பொறித்தவர்கள் நாம். நடுகல் நகர்வது இல்லை, பறப்பது இல்லை. ஆபத்துக்குள் மறுபடி போகத் தேவையில்லாத ஒன்றில்தான் அந்தப் பெயர்கள் இருக்க வேண்டும்.

சேலஞ்சர் குடும்பங்கள் 1986-லேயே மாணவர்களுக்கான ஓர் அறிவியல் கல்வி மையத்தைச் ‘சேலஞ்சர்’ என்ற பெயரில் தொடங்கினார்கள். செவ்வாயில் ஆப்பர்சூனிட்டி ஊர்தி இறங்கிய இடம் சேலஞ்சர் நினைவு நிலையம். ஸ்பிரிட் இறங்கிய இடம் கொலம்பியா நினைவு நிலையம். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா சிதைந்து கல்பனா சாவ்லாவும் மற்ற ஆறு பேரும் இறந்தபோது மாற்று ஓடம் எதுவும் கட்டப்படவில்லை. ஆனால் நான்கே நாளில், முந்தைய செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போயிருந்த மெட்சாட்-1 வானிலைச் செயற்கைக்கோளுக்குக் ‘கல்பனா-1’ என்று பெயர் மாற்றுவதாகப் பிரதமர் வாஜ்பாய் அறிவித்தார். அது ஆள் ஏறாத கோள், ஏற்கெனவே மேலே பத்திரமாக நின்றுகொண்டிருந்த கோள். அந்தப் பெயருக்கு அது நல்ல இடம்.

எண்டெவர் முதன்முதலாக 1992 மே 7 அன்று பறந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் ஹபிள் தொலைநோக்கியின் பார்வைக் குறையைச் சரிசெய்ய ஏழு பேரோடு கிளம்பியது. அன்று விடியற்காலையில் அதன் தலைவர் இருக்கையில் உட்கார்ந்து, ‘எண்டெவர்’ என்று ஹூஸ்டன் கூப்பிடும்போதெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருந்தவர் ரிச்சர்ட் கோவி.